றைபிள் இளையதம்பியின் நாலாவது மாப்பிள்ளை

“டக்!” ஒரு கணம் கழித்து, “தும்ம்ம்…”

முன்னறையிலிருந்து அந்தச் சத்தம் வந்ததும், குசினியில் கமலாசனியின் கை வடை மாவுக்குள் அப்படியே நின்றுவிட்டது.

“உன்ரை கொப்பர் தொடங்கிட்டார்.”

மகள் அருந்ததி தேநீர்க் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வயது இருபத்தாறு. இன்று வந்திருப்பவன் நாலாவது மாப்பிள்ளை. முன்னே வந்த மூவரும் அந்தச் சத்தத்தோடு போனவர்கள்தான். இவனும் போய்விட்டால் இனி இந்த வீட்டுக்கு ஆள் கூட்டிவர மாட்டேன் என்று கலியாணத் தரகர் வீரகத்தி வாசலிலேயே சொல்லிவிட்டார். அதிலும், இவனை அவள் யன்னல் இடுக்கால் பார்த்துவிட்டாள். அந்த ஒரு பார்வையில் ஒரு பெண்ணின் உள்ளம் எத்தனை காதம் போய்வரும் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்!

அவள் தந்தை இளையதம்பி சுருட்டுப் பிடிக்காதவர், கள்ளுக் குடிக்காதவர், கோயிலில் முதல் ஆளாக நிற்பவர். அவரிடம் ஒரேயொரு குறை. உலகப் போர்க் காலத்தில் நாலரை வருடம் தியத்தலாவை இராணுவ முகாமில் இருந்துவிட்டார். ஐம்பத்துமூன்றாம் ஆண்டு வரணியிலிருந்து வந்து தர்மபுரத்தில் வயற்காணி பெற்றுக் குடியேறிய நாள் முதல் அவர் பெயர் ‘றைபிள் இளையதம்பி’. பன்றிக்கு எந்தத் தோட்டா என்று கேட்க வருபவனுக்கும், வெறுமனே பொழுதுபோக்க வருபவனுக்கும் அவர் வாயால் வெடிச்சத்தமும் போட்டுக் காட்டி ஒரே பாடந்தான் நடத்துவார்: ஒரு நாட்டுப் படைக்கு எந்த அளவுக் குண்டு உகந்தது? ஆங்கிலேயர் இரண்டு போரிலும் சுட்ட .303, அதாவது திறீ-நோட்-திறீதான். அதற்கு மேலே கடவுள், கீழே மற்றத் துவக்கெல்லாம்.

இன்னொரு கைத்திறமையும் அவருக்கு உண்டு. கிழிந்த கடதாசி எதுவானாலும், அரிசிக் கூப்பன் புத்தகமோ பிள்ளைகளின் பூமிப்படமோ, சின்னச் சதுரத் துண்டு வெட்டி, மாப்பசை பூசி, கிழிந்த இடம் தெரியாமல் ஒட்டிக் கொடுப்பார். அதை எங்கே பழகினார் என்று ஒருவரும் கேட்டதில்லை. துவக்குக்காரனிடம் பசையைப் பற்றி யார் கேட்பார்கள்?

பெண் பார்க்க வருபவனிடம் அவர் சம்பளம் விசாரிப்பதில்லை. “வன்னிக் காட்டுக்குள்ளை ஒரு சண்டை வந்தால், சிப்பாயின்ரை கையிலை எந்த அளவுத் துவக்கைக் குடுப்பீங்கள்?” என்றுதான் கேட்பார். தபால் கந்தோர்க்காரன், “சண்டை வந்தால் நான் யாழ்ப்பாணம் போயிடுவன்” என்றான். வாத்தியார், “எது பெரிசோ அது” என்றார். மூன்றாமவன் தண்ணீர் கேட்டான். வீரகத்தியின் மடியில் மடிந்து மடிந்து கிழிந்த அவர்களது சாதகக் குறிப்புகளை இளையதம்பி கிழிந்தபடியே திருப்பிக் கொடுத்தார். ஊர்க் கடதாசியெல்லாம் ஒட்டுகிறவர், அந்த மூன்றையும் தொடவில்லை.

இன்று வந்த யோகநாதனோ விசுவமடுக்காரன்; இராணுவத்திலேயே, ஆயுதக் களஞ்சியத்தில் வேலை. “உங்கடை கேள்விக்கெண்டே பிறந்த பெடியன், அண்ணை” என்று வீரகத்தி சத்தியம் செய்திருந்தார். என்ன பதில் சொல்லவேண்டும் என்று அருந்ததியும் முதல்நாளே அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

“திறீ-நோட்-திறீ இனிச் சரிவராது, ஐயா” என்றான் யோகநாதன்.

குசினியில் அகப்பை விழுந்தது.

“என்ன சொன்னீங்கள்?”

“வெள்ளைக்காரன்ரை ஆமியே இப்ப ஏழு தசம் ஆறு இரண்டு மில்லிமீற்றருக்கு மாறீட்டுது. திறீ-நோட்-திறீ ஏழு தசம் ஏழு. அந்தத் தோட்டாவின்ரை அடி விளிம்பு, தானா நிரப்பிச் சுடுற துவக்கிலை கொளுவிச் சிக்கும்.”

“இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம், தம்பி?” வீரகத்தி சமாதானமாகக் கேட்டார்.

“ஒரு கடதாசித் தடிப்பு.”

“கடதாசித் தடிப்பு! அண்ணை, அதுக்காக ஒரு குமர்ப்பிள்ளையை வீட்டிலை வைச்சிருக்கப் போறியளோ?”

“பேசாமலிரும் வீரகத்தி. இண்டைக்குக் கடதாசித் தடிப்பு. நாளைக்கு?”

“நாளைக்கு இன்னும் சின்னனாகும்.” யோகநாதன் விடவில்லை. “உந்தப் பத்தைக்குள்ளை ஐம்பது கஜத்துக்கு அங்காலை ஆளைத் தெரியாது. ஒரு மைல் போற குண்டு என்னத்துக்கு? சின்னனெண்டால் ஒருத்தன் இரண்டு மடங்கு தோட்டா தூக்கிக் காவலாம்.”

“என்னத்தைக் காவுறது, கச்சான் கொட்டையையோ? திறீ-நோட்-திறீயின்ரை சத்தத்தை வடிவாக் கேளுங்கோ!” இளையதம்பி கதிரையை விட்டு எழும்பினார். “டக்! … தும்ம்ம்.”

இம்முறை யோகநாதன் நெற்றியைச் சுருக்கினான். “முதல் ‘டக்’கோ, ஐயா? பிறகோ ‘தும்’?”

“ஓம். முதல் டக்.”

“அப்ப நீங்கள் குழிக்குள்ளை நிண்டனீங்கள்.”

“என்ன குழி?” என்றார் வீரகத்தி.

“சுடுறவனுக்குத் துவக்கு வெடிக்கிறதுதான் முதல் கேக்கும். தலைக்கு மேலாலை குண்டு போறவனுக்குத்தான் முதல் ‘டக்’. துவக்குச் சத்தம் பிந்தி வரும். சுடப் பழக்கிற இடத்திலை குறிப்பலகைக்குக் கீழை குழி வெட்டி ஆக்களை நிப்பாட்டுவினம். சுட்டு முடியப் பலகையை இறக்கி, ஓட்டையளுக்குக் கடதாசி ஒட்டி, திரும்ப ஏத்தவேணும்.”

“கடதாசி ஒட்டுறதோ!” வீரகத்தியின் வாய் மூடவில்லை. “அப்ப அண்ணை, நீங்கள் ஒரு வெடியும் சுடேல்லையோ?”

ஒன்பது வருடக் கோட்டை ஒரு கேள்வியில் சரிந்தது. இளையதம்பி மெல்லக் கதிரையில் அமர்ந்தார்.

தட்டோடு அருந்ததி வெளியே வந்தாள். “அப்பா சுட்டனான் எண்டு ஒருநாளும் சொன்னவரில்லை, வீரகத்தி மாமா. சனந்தான் சொன்னது.” கண்ணில் நீர். தேநீரில் பாதி கோப்பையில், பாதி தட்டில்.

யோகநாதன் எழுந்து நின்றான், அவளுக்காகவா அவருக்காகவா என்று சொல்ல முடியாது. “எவ்வளவு காலம் குழியிலை நிண்டனீங்கள், ஐயா?”

“நாலரை வருசமும்.”

“நாலரை வருசமோ! லீவிலை போய்ப் பிந்தி வந்ததுக்கு எனக்கு அதை மூண்டு கிழமை தண்டனையாத் தந்தவை. மூண்டாம் நாளே காய்ச்சல் வந்து படுத்திட்டன். சுடுறதுக்கு எங்களிட்டை ஆயிரம் பேர் இருக்கினம். உப்பிடி நிக்கிறதுக்கு ஒருத்தனுமில்லை.”

“அதைத்தானே நான் எப்பவும் சொல்லுறனான்!” என்றார் வீரகத்தி, ஒருநாளும் சொல்லாதவர்.

இளையதம்பியின் முதுகு நிமிர்ந்தது. தொண்டையைச் செருமினார். “எண்டாலும் திறீ-நோட்-திறீதான்.”

“இல்லை, ஐயா.”

கமலாசனி மாக்கையாலேயே தலையில் அடித்துக்கொண்டாள். ‘ஓம் எண்டு சொல்லித் துலையுங்கோவன்’ என்று அருந்ததியின் கண்கள் கெஞ்சின. அவன் அவளைப் பார்த்தான், முகம் சிவந்தான், ஆனால் சொல்லவில்லை.

இளையதம்பி மேசையில் கிடந்த அவனது சாதகக் குறிப்பை எடுத்தார். மடிப்பில் நீளக் கிழிந்திருந்தது. இனி அதை நீட்டி, வாசலைக் காட்டப்போகிறார்.

“கமலாசனி,” என்றார், “பசையைக் கொண்டு வா.”

குசினியில் ஒரு விம்மல் கேட்டது.

கால் மணி நேரம் கழித்து, வாசலில் நின்று யோகநாதன் குறிப்பை வெளிச்சத்தில் பிடித்து, பெருவிரலால் தடவிப் பார்த்தான். “தடிப்பே தெரியேல்லை.”

“சாத்திரியாரிட்டைக் காட்டி நாள் பாக்கச் சொல்லி அம்மாவிட்டைச் சொல்லுங்கோ. குண்டைப் பற்றிப் பிறகு கதைப்பம்.”

“கதைப்பம், மாமா.”

வீரகத்தியின் சைக்கிள் பின்கரியரில் ஏறி அவன் போனான். இளையதம்பி கதவைச் சாத்தினார். ‘டக்’ என்றது. ‘தும்’ சற்றுப் பிந்தி, அருந்ததியின் நெஞ்சுக்குள் கேட்டது.