மெனுவுக்குள் புதைத்த லாக்

லாக் என்பது துவைக்காத துணி மாதிரி, விருந்தாளி கண்ணில் படக்கூடாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மென்பொருள் தனக்குள் நடப்பதையெல்லாம் நேரம் போட்டு எழுதிக்கொண்டே போகிற குறிப்புக்குத்தான் அந்தப் பெயர். அதைத் திறந்து படிக்கும் பெட்டியைத் திரையில் எங்கே வைப்பது என்று நானும் சேலத்தில் இருக்கும் என் தொழில் பங்காளியும் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. 'உதவி' மெனுவுக்குள் மூன்றாவது அடுக்கில் போட்டோம். திரை சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷம் வேறு.

நாங்கள் எழுதியது, காபிக்கொட்டையை விறகுச் சூட்டில் காயவைக்கும் டிரையருக்கான மென்பொருள். நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் முதலில் போட்டோம். டிரையருக்குள் இருக்கும் சென்சார் சூட்டை அளந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கணக்கெழுதும் ரைட்டர் அம்மா திரையைப் பார்த்து, ஜன்னல் வழியாக எண்ணைக் கூவுவார். அடுப்படியில் நிற்பவர் அதைக் கேட்டு விறகு தள்ளுவார். மலையில் கரண்ட் நிமிடத்துக்கு ஒரு தரம் கண் சிமிட்டும். அப்போதெல்லாம் எண் மறைந்து மறைந்து வருவது மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. அதனால், சென்சாரிடமிருந்து தகவல் வராவிட்டால் கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும்படி மாற்றிக் கொடுத்தேன். அந்தப் புத்திசாலித்தனம் முழுக்க என்னுடையது.

போன அறுவடையில் ஒரு நாள் மதியம் சென்சார் ஒயர் கழன்றுவிட்டது. திரையில் எண் முப்பத்தெட்டு டிகிரியிலேயே நின்றது; வேண்டியது நாற்பத்தைந்து. "முப்பத்தெட்டுதானுங்க, இன்னும் போடுங்க" என்று ரைட்டர் கூவ, அடுப்படிக்காரரும் விறகு போட்டுக்கொண்டே இருந்தார். சாயங்காலம் டிரையரைத் திறந்தால் கருகல் வாடை. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று எல்லோரும் நம்பினார்கள். ரைட்டர் சாப்பிடப் போன நேரத்தில் அடுப்படிக்காரர் குடித்துவிட்டுக் கண்மண் தெரியாமல் விறகை அடைத்திருப்பார் என்று முடிவு கட்டினார்கள். ஒரு காலத்தில் குடித்தவர்தான். விட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. மறுநாளே அவரைக் களை வெட்ட அனுப்பிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து வேறு வேலையாகப் போன என்னிடம் ரைட்டர் இதை டீயோடு சேர்த்துச் சொன்னார். மெனுவுக்குள் மெனுவாகப் போய் லாக்கைத் திறந்தேன். அன்று மதியம் ஒன்று பத்திலிருந்து நிமிடத்துக்கு ஒரு வரி: சென்சாரிலிருந்து தகவல் இல்லை. சாயங்காலம் வரை அதே வரி. மென்பொருள் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அதன் வாயை நான்தான் பொத்தி வைத்திருந்தேன்.

அன்றைக்கே பங்காளிக்கு போன் செய்து லாக் முகப்புக்கு வர வேண்டும் என்றேன்.

"சிவப்பு சிவப்பா வரி ஓடுனா கஸ்டமர் பயந்துக்குவாங்க."

"பயப்படட்டும்."

"அது நாம பாக்கறதுக்கு வச்சதுங்க."

"நாமதான் பாக்கவே இல்லையே" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் வாதாடப் பொறுமை இருக்காது.

நாலு நாள் உட்கார்ந்து எழுதினேன். தகவல் நின்றால் எண் மறைந்துவிடும். பக்கத்திலேயே லாக் தமிழில், கொட்டை எழுத்தில் வரும். எஸ்டேட்டில் அதைப் போட்டுவிட்டு, களை வெட்டிக்கொண்டிருந்தவரைக் கூப்பிடச் சொன்னேன். மேனேஜரும் ரைட்டரும் இருக்கும்போதே, காபி கருகியது என் தவறு, இவருடையது அல்ல என்றேன். மேனேஜர் லாக்கை இரண்டு முறை படித்துவிட்டு, நாளையிலிருந்து டிரையருக்கே வரச் சொன்னார். அடுப்படிக்காரர் நேராகத் தன் அடுப்பு முன்னால் போய் நின்று, ஜன்னல் வழியாகத் திரையைப் பார்த்தார்.

"இங்கிருந்து தெரியலீங்க அம்மணி."

போய்ப் பார்த்தேன். லாக்கைத் திரையின் வலது ஓரம் வைத்திருந்தேன். ஜன்னல் சட்டம் சரியாக அதை மறைத்தது. இடது பக்கம் மாற்றினேன். வெளிச்சம் பட்டுக் கூசியது. மேலே ஏற்றி, திரையைத் திருப்பி, எழுத்தை இன்னும் பெரிதாக்கி, அடுப்படிக்கும் ஆபீசுக்கும் எத்தனை நடை நடந்தேனோ, விடவில்லை. கடைசியில் ரைட்டரிடம் சென்சார் ஒயரைப் பிடுங்கச் சொன்னேன். அடுப்படிக்காரர் நின்ற இடத்திலிருந்தே வாய்விட்டுப் படித்தார்: "சென்சாரிலிருந்து தகவல் இல்லை."

வேலை முடிந்தது என்று பையை எடுத்தேன்.

"அன்னிக்கு மத்தியானம் ஓடுனதை ஒரு காயிதத்துல எடுத்துத் தருவீங்களா?" என்றார். "ஊட்டுல நொம்ப நாளா பேச்சு வார்த்தை இல்லீங்க. நீங்களே ஒரு எட்டு வந்து சொன்னா நல்லாருக்கும்."

அந்த மதியத்து வரிகளை பிரிண்ட் எடுத்துக்கொண்டு அவரோடு தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போனேன். அவர் மனைவி வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னேன். பத்தாவது வரியில் அந்த அம்மா என்னை நிறுத்தினார்.

"அப்ப அன்னிக்கு இவரு குடிக்கலீங்களா?"

"இல்லீங்க. தப்பு என்னுது."

அந்த அம்மா கணவர் பக்கம் திரும்பினார். "குடிக்கலைன்னு அன்னிக்கே எங்கிட்டச் சொல்றதுக்கென்னங்க?"

"சொன்னேன் புள்ள" என்றார் அவர். "அன்னிக்குச் சாயங்காலமே சொன்னேன்."