அவள் என்னைத் திட்டட்டும் என்று ஜெபித்தேன்

என் மகள் ஜென்சிக்கு ஒரு வியாழக்கிழமை காய்ச்சல் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த வாரம். அவளுக்கு வயது பதினொன்று. ஒரே பிள்ளை. நான் முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சனிக்கிழமை ஷிப்மெண்ட் போக வேண்டும். மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு, "சனிக்கிழமை சாயங்காலம் டாக்டர்கிட்டப் போலாம் கண்ணு" என்று சொன்னேன். அவளும் சரியென்று தலையாட்டினாள். பக்கத்து வீட்டு அக்கா கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை சரக்கு வண்டியேறியது. நான் வீடு வந்தபோது ஜென்சியால் எழுந்து நிற்க முடியவில்லை. டெங்கு என்றார்கள். "ஏன் இவ்வளவு லேட்டாக் கூட்டிட்டு வந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். செவ்வாய்க்கிழமை காலை அவள் போய்விட்டாள்.

அதன் பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் இரண்டாவது வாயில் எழுந்துவிடுவேன். வேலை முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு பெருமாநல்லூர் வரை போவேன். அங்கே ஒரு வேலையும் இருக்காது. திரும்பி வருவேன். வீட்டு வாசலில் மெர்சியின் செருப்பைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் போவேன்.

மெர்சி என் மனைவி. வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். அவள் என்னிடம் அந்த வியாழக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், வேலைக்குப் போனாள். "ஏன் அன்னிக்கே கூட்டிட்டுப் போகல?" என்று கேட்டிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். கேட்கவே இல்லை. அந்த மௌனத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வருடம் ஒன்று திரும்புவதற்குள் மூன்று கம்பெனி மாறினேன். பிறகு பழைய முதலாளியே கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டார். ஒரு நாள் அடுக்கி வைத்திருந்த துணியில் அளவுக்கோட்டை விட்டு விலகி வெட்டிவிட்டேன். பெரிய அடுக்கு. அத்தனையும் வீண். முதலாளி சத்தம் போடவில்லை. "ஏனுங் மாஸ்டர், துணி போனாப் போவுதுங்க. உங்க கை மெஷின்ல இருக்குது, நெனப்பு எங்கியோ இருக்குது. வெரல் போயிரப் போவுதுங்க" என்றார். அவர் நம்முடைய விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்ல. ஆனால் அன்றைக்கு என்னைப் பார்த்துக் கண்கலங்கியவர் அவர்தான்.

சபைக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் உள்ளே போக மாட்டேன். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நிற்பேன். யாராவது சுகம் கிடைத்தது, ஸ்தோத்திரம் என்று எழுந்து சொன்னால் எனக்கு உடம்பு எரியும். அவர்கள் பிள்ளைக்குக் கேட்ட ஆண்டவருக்கு என் பிள்ளைக்கு மட்டும் காது கேட்கவில்லையா? இதை நான் சபையில் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அளவு தவறி வெட்டிய அன்று சாயங்காலம், பெருமாநல்லூர் ரோட்டில் பைக்கை ஓரமாக நிறுத்தினேன். கம்பெனி வேன்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கண்ணைக்கூட மூடவில்லை. கோபமாகத்தான் ஜெபித்தேன். "ஆண்டவரே, எனக்கு ஆறுதல் வேண்டாம். மெர்சி என்னை ஒரு தடவை கேட்கட்டும். திட்டட்டும், அடிக்கட்டும். அவள் வாயைத் திறந்தருளும்." அவ்வளவுதான். அடுத்த நாளும் அதே இடத்தில் நின்று அதையே சொன்னேன். ஒரு மாதத்துக்கு மேல் தினமும் சொன்னேன். எதுவும் நடக்கவில்லை. அவள் சோறு போட்டாள். நான் எழுந்து போனேன்.

ஒரு நாள் மதியம் வேலை நேரத்தில் போன் அடித்தது. மெர்சி. வேலை நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள். "இப்பவே வாங்க" என்று மட்டும் சொன்னாள். போய்ப் பார்த்தால், அவள் கம்பெனிக்கு வெளியே பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள். மெர்சியின் லைனில் ஒரிசாவிலிருந்து வந்த பெண் ஒருத்தி வேலை பார்க்கிறாள். அந்தப் பெண்ணின் குழந்தைக்குக் காய்ச்சல். லீவு கேட்கப் பயந்துகொண்டு நின்றிருக்கிறாள். மெர்சி சூப்பர்வைசரிடம் போய், "அவளை இப்பவே அனுப்புங்க" என்று கத்தியிருக்கிறாள். அந்தப் பெண்ணை அனுப்பி வைத்துவிட்டு, அதற்கு மேல் உள்ளே இருக்க முடியாமல் வெளியே வந்துவிட்டாள்.

பக்கத்திலிருந்த பேக்கரியில் உட்கார்ந்தோம். டீ ஆறிக்கொண்டிருந்தது. திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அந்த வெள்ளிக்கெழம காலைல அவ எங்கிட்டக் கேட்டாளுங்க. 'அம்மா, இன்னிக்கு ஒரு நாள் ஊட்ல இருங்க'ன்னு. நான்தான் லீவு தர மாட்டாங்க கண்ணுன்னு சொல்லீட்டுப் போயிட்டனுங்க. நீங்க என்னைக் கேட்ருவீங்களோன்னு இத்தன நாளா பயந்துட்டே இருந்தனுங்க."

"மெர்சி, நீ என்னையக் கேப்பேன்னு நான்தான பயந்துட்டு இருந்தேன்" என்றேன். பேக்கரி என்றும் பார்க்காமல் இரண்டு பேரும் அழுதோம்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மெர்சி கேட்டாள். "ஒரு நாள் அவ சாப்பாட்டுக்கு ஜெபம் பண்றப்ப, அவ தட்டுல இருந்த முட்டைய எடுத்துத் தின்னீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா?"

ஜென்சியின் ஜெபம் நீளம். தெருநாய் வரைக்கும் பேர் சொல்லி ஜெபிப்பாள். பசியில் எடுத்துத் தின்றேன்தான்.

"அவ பாத்துட்டாளுங்க. படுக்கறப்ப எங்கூட ஜெபம் பண்ணுனா. 'ஆண்டவரே, அப்பா என்ற முட்டையத் திருடீட்டாருங்க. மன்னிச்சு உட்ருங்க. அவரு நல்லவருதானுங்க'ன்னு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெர்சியும் சிரித்தாள். பிள்ளை போன பிறகு நாங்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை. கண்ணீர் நிற்கவில்லை, சிரிப்பும் நிற்கவில்லை. அவர் நல்லவர்தான் என்று என் பிள்ளை எனக்காக ஆண்டவரிடம் பேசியிருக்கிறாள். எனக்கு இது தெரியாமலேயே இருந்திருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சபைக்குள் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். கடைசி ஜெபம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். பாடினேன்கூட. குரல் நன்றாக இல்லை.

ஜெபத்தால் என் பிள்ளை திரும்பி வரவில்லை. அதை மறைத்துச் சாட்சி சொன்னால் பொய்யாகிவிடும். ஐப்பசி மழை பிடித்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு படபடக்கும். ஆனால் எங்கள் வீட்டில் இப்போது ஜென்சியின் பேர் தினமும் கேட்கிறது. அவளைப் பற்றிப் பேசுகிறோம், சிரிக்கிறோம். சிரிப்பது பாவம் என்ற எண்ணத்தை ஆண்டவர் எடுத்துப்போட்டார். முதலாளியிடம் ஒரே ஒரு அனுமதி கேட்டேன், தந்தார். எங்கள் கட்டிங் செக்‌ஷனில் யாருக்காவது, யார் பிள்ளைக்காவது காய்ச்சல் என்றால், ஷிப்மெண்ட் இருந்தாலும் அந்த நேரமே நான் பைக்கில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவேன். தமிழ் தெரியாதவர்கள்கூட "மாஸ்டர், காய்ச்சல்" என்று வந்து நிற்கிறார்கள். மெர்சி அவர்களுக்குக் கஞ்சி கொடுத்தனுப்புகிறாள்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் பேசாத பேச்சு ஒன்று இருக்கலாம். அதை ஆண்டவரிடம் கொண்டுபோங்கள். அழகான வார்த்தை வரும்வரை காத்திருக்க வேண்டாம். கோபமாகத்தான் கேட்க வருகிறதென்றால் கோபமாகவே கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன். அவரும் கேட்டார்.