ஒரு காது பாட்டுக்கு, ஒரு காது தறிக்கு

விசைத்தறி ஷெட்டுக்குள் போன் கொண்டுவரக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். போனைப் பார்த்துக்கொண்டு நின்றால் சேலை பாழாகிவிடுமாம். அதனால் என் வீட்டுக்காரர் திருத்தணி பஜாரில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு எம்பி-த்ரீ பிளேயர் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அதை முதலாளி கண்டும் காணாமல் விட்டார். ஆனால் எங்கள் ஊர் அம்மையார்குப்பத்துத் தறிக்காரர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். ஒரு காது பாட்டுக்கு, ஒரு காது தறிக்கு. இரண்டையும் அடைத்துக்கொண்டு எவரும் தறி ஓட்ட மாட்டார்கள்.

காரணம் இருக்கிறது. தறியில் நாடா என்பது இரும்பு முனை வைத்த கட்டை. அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் அடித்துக்கொண்டு ஓடும். அது தடம் மாறுவதற்கு முன்னால் சத்தம் மாறும். கேட்டவர் தறியை நிறுத்துவார். கேட்காதவர் முகத்துக்கு நாடா பறந்து வரும். பக்கத்துத் தெரு ஷெட்டில் ஒருவருக்குக் கண்ணே போயிற்று. காது மந்தமானவரை எந்த முதலாளியும் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை.

பிளேயர் வாங்கிய நாளிலிருந்து அதற்கு வைத்தியம் பார்ப்பது என் தலையில் விழுந்தது. பாட்டு நடுவில் உறைந்து நின்றால், தாலிக்கயிற்றில் மாட்டியிருக்கும் ஊக்கை எடுத்துப் பின்பக்க ஓட்டையில் குத்துவேன், உயிர் வந்துவிடும். சார்ஜ் ஏறவில்லை என்றால் ஒயரை மாற்றிப் பார்ப்பேன். பாட்டெல்லாம் காணாமல் போனால் மெமரி கார்டைக் கழற்றித் துடைத்துப் போடுவேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை, பொறுமை வேண்டும். அது எனக்குக் கொஞ்சம் கம்மி.

அப்புறம் புதுசாக ஒரு கோளாறு சொன்னார். இடது பக்கம் பாட்டு கேட்கவில்லையாம். இயர்போன் சொருகும் ஓட்டையில் பஞ்சுத்தூசி அடைத்திருந்தது. ஊக்கால் நோண்டி எடுத்தேன். கேட்கவில்லை என்றார். வேறு இயர்போன் வாங்கினேன். அதுவும் சரியில்லை என்றார். கார்டில் இருந்ததை எல்லாம் அழித்துப் புதிதாக ஏற்றிக்கொண்டு வந்தேன். சனியன், அப்போதும் அதே பாட்டுத்தான். அந்த நாட்களில் வீட்டிலும் நான் கூப்பிட்டால் சில நேரம் திரும்புவார், சில நேரம் சுவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். திமிர் என்று நினைத்துச் சண்டை போட்டேன்.

கடைசியில் பிளேயரைத் தூக்கிக்கொண்டு திருத்தணிக்கே போனேன். கடைக்காரர் தன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் ஜோராகப் பாடுகிறது என்றார். அவரைப் பிடித்து ஒரு பாட்டம் திட்டினேன். அவர் இயர்போனை என்னிடம் நீட்டினார். இரண்டு பக்கமும் பாடியது. பஸ்ஸில் வீடு திரும்பும் வரைக்கும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

மறுநாள் மத்தியானம் சோறு எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். கரண்ட் இல்லை. தறிகள் நின்றிருந்தன, மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் சத்தத்தை முழுசாக ஏற்றி, இயர்போனை அவருடைய இடது காதில் சொருகினேன். பக்கத்தில் நின்ற எனக்கே பாட்டு கேட்டது.

"கேக்குதா பாவா?" என்றேன். மாமன் மகன், சின்ன வயதிலிருந்து எனக்கு அவர் பாவாதான்.

உதட்டைப் பிதுக்கினார். "இன்னும் ரிப்பேராவேதான் கீது."

இத்தனை நாளாகத் தறியை எப்படி ஓட்டுகிறாய் என்று கேட்டேன்.

"அதுக்கின்னா? பீச்சாங்கை பக்கம் ஒயரு போச்சின்னு சோத்தாங்கை பக்கம் வெச்சிகினு ஓட்றேன்."

அதாவது, கேட்கிற காதைப் பாட்டுக்குக் கொடுத்துவிட்டு, செத்த காதைத் தறிக்குக் காவல் வைத்திருக்கிறார். இதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கரண்ட் வந்தது. அவர் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து, வலது காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, தறியை ஓடவிட்டுக் குனிந்து நின்றார். நான் அவருக்கு இடது பக்கம் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தத் தறியின் சத்தம் மாறியது. தறி தொட்டறியாத எனக்கே கேட்டது, கட்டையால் தகரத்தை அடிப்பது போல. அவர் தலையை ஆட்டிக்கொண்டு பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய் மோட்டாரை அணைத்தேன். அவர் நிமிர்ந்து, பாட்டைக் காதிலிருந்து பிடுங்கிவிட்டு என்மேல் எரிந்து விழுந்தார்.

"இன்னாத்துக்கு நிறுத்தின? நல்லாத்தான ஓடிகினு இருந்திச்சி."