கார்பன் தாளின் கறுப்புப் பக்கம்

எட்டாம் வகுப்போடு நின்ற நான் எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தென்காசியில் ஒரு வக்கீல் ஆபீசில் பல வருடம் கையால் நகல் எழுதி வந்தேன். யுத்த காலத்தில் அங்கே டைப்ரைட்டர் வந்தது. அதில் அடிக்க, சுரண்டையிலிருந்து எஸ்தர் என்ற பெண்ணும் வந்தாள். “இனி உம்ம பேனாவுக்கு ஓய்வுதாம்வே” என்று வக்கீல் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு சாரல் நாள். அச்சன்புதூர் விவசாயி ஒருவரின் வயலில் எதிராளி அறுவடைக்கு இறங்கப்போகிறான். தடை கேட்கும் மனு, நகலோடு கோர்ட் மூடுவதற்குள் போயாக வேண்டும். “அண்ணாச்சி, கார்பன் வச்சுத் தாங்க” என்றாள் எஸ்தர். நான் வேண்டுமென்றே நான்கு பக்கத்துக்கும் கார்பனின் கறுப்பு மேலே இருக்கும்படி திருப்பி வைத்தேன். அவசரத்தில் அவள் பார்க்கவில்லை.

அடித்து முடித்தபோது நகல் வெறும் வெள்ளைத்தாள். மூலத்தின் முதுகில் இடவலம் மாறிய எழுத்துகள். வாசலில் நின்ற விவசாயி எங்கள் முகத்தையே பார்த்தார்.

“என்னம்மா இது?” என்று வக்கீல் கத்தினார்.

எஸ்தர் என்னை ஒருமுறை பார்த்தாள். “நான்தான் சார் கவனிக்கல” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, “நான் ரெண்டு பக்கம் அடிக்கேன் அண்ணாச்சி. மிச்சம் ரெண்டையும் நீங்க எழுதுதீங்களா? உங்க கைவேகம் யாருக்கு வரும்?” என்றாள்.

பாதி அச்சும் பாதி என் கையெழுத்துமாக நகல், மனுவோடு நேரத்துக்குக் கோர்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்றும் அது உறுத்துகிறது.

மறுநாள் காலை அவள் கார்பனை என்னிடமே நீட்டினாள். கறுப்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்துக் கொடுத்தேன்.