மில் வீட்டுப் பச்சை சைக்கிள்

பொன்னேரி ஸ்டேஷனுக்கு ஒரு ஃபர்லாங் இருக்கும்போது என் சைக்கிளின் தண்டு வெடித்து விட்டுக்கொண்டது. பெடலுக்குச் சற்று மேலே, ஏற்கெனவே இரண்டு முறை வெல்டிங் வைத்த அதே இடம். நான் விழவில்லை. இறங்கி, நொண்டும் மாட்டைத் தள்ளிக்கொண்டு போவதுபோல வெல்டிங் கடைக்குத் தள்ளிப்போனேன். கடைக்காரர் நகத்தால் துருவைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, தகடு காகிதமாகிவிட்டது, இனிமேல் நெருப்பு வைத்தால் ஓட்டைதான் விழும் என்றார்.

அதைப் பெண்கள் சைக்கிள் என்று சொல்வதே மரியாதைக்குத்தான். நான் ஒன்பதாம் வகுப்புக்கு பொன்னேரிப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது, நைனா பழைய இரும்புக் கடையில் தண்டை ஒரு பக்கமும் சக்கரங்களை வேறு பக்கமும் பொறுக்கி வந்து கோத்துத் தந்தது. ஹாண்டில் ஏதோ பால்காரருடையது. அதில் கேன் மாட்டும் கொக்கிகூட அப்படியே இருந்தது. வகுப்பில் பிள்ளைகள் பால் கேட்டுச் சிரித்தார்கள். நான் முதல் மார்க் வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசற்படி ஏறிய முதல் ஆள் நான். பால் கொக்கிக்காக அழ எனக்கு நேரமில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில், தண்டு விட்ட அந்தச் சமயத்தில், நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். டெம்பரவரி. எங்கள் ஊரிலிருந்து ஸ்டேஷனுக்கு மூன்று மைல். காலை ரயிலை விட்டால் அடுத்த ரயில், ஆபீஸ் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேரும். டெம்பரவரி ஆட்கள் தாமதமாக வந்தால் மேனேஜர் திட்ட மாட்டார். அடுத்த மாதம் அந்த நாற்காலியில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான்.

புது சைக்கிளை நான் முன்பே தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். பொன்னேரிக் கடைத்தெருவில் தண்டு தனியாக, சக்கரம் தனியாக, சீட் தனியாகத் தொங்கும். நாம் சொல்லச் சொல்லப் பூட்டித் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் நின்று, அரக்கு நிறத் தண்டுக்கு ஸ்பிரிங் சீட்டும் இரட்டை மணியும் மனசுக்குள்ளேயே பூட்டிவிட்டு வருவேன். "இன்னாம்மா, இன்னிக்கும் பாக்கத்தான் வந்தியா?" என்பார் கடைக்காரர். வேலை நிரந்தரமானால் ஆபீசில் சைக்கிள் கடன் கிடைக்கும். அதற்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது.

அம்மா அரிசி மில்லில் களத்து வேலை பார்த்தது. வேகவைத்த நெல்லைப் பரப்பிக் காலால் துழாவிக்கொண்டே, என் சைக்கிள் உடைந்த கதையைச் சொல்லியிருக்கிறது. தண்டு விட்டது ஒரு சனிக்கிழமை. மறுநாள் சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு பச்சை சைக்கிள் நின்றது. அதைத் தெருவெல்லாம் தள்ளிக்கொண்டு வந்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொல்லிவிட்டுத்தான் அம்மா கொண்டுவந்திருந்தது. எதிரில் வந்தவர்கள் எல்லாரும் எனக்கு முன்பே விஷயம் தெரிந்தவர்கள்.

அந்தச் சைக்கிளை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். மில் வீட்டுப் பெண், முதலாளியின் மகள், என் வகுப்பு. ஒன்பதாவதிலிருந்து பள்ளி இறுதி வரை அவள் அதில்தான் வந்தாள். அன்னப்பறவை கழுத்துபோல வளைந்த தண்டு, தண்டில் பொன்னிற ஆங்கில எழுத்தில் கம்பெனி பெயர், பின் சக்கரத்தில் தாவணி மாட்டாமலிருக்கச் சிவப்பு நூல் வலை, முழுதாக மூடிய செயின் கவர், அதன் மேல் மஞ்சள் பெயின்டில் சின்னதாக அவள் பெயர். மதிய மணி அடித்ததும் மைதானத்தில் ஆளுக்கு ஒரு ரவுண்டு தருவாள். பெண்கள் வரிசையில் நிற்பார்கள். நான் ஒரு நாளும் நிற்கவில்லை. வேப்பமரத்தடியில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, யார் யாருக்கு ரவுண்டு கிடைத்தது என்று ஓரக்கண்ணால் கணக்குப் பார்ப்பேன். அவள் அதை மழையில் விட்டுவிட்டுப் போவாள். எனக்கு வயிறு எரியும். அவளிடம் இருப்பதுகூட எனக்குப் பொறுத்தது. அவள் அதைக் கவனிக்காமல் இருப்பதுதான் பொறுக்கவில்லை.

பள்ளிக்கூடம் முடிந்ததும் அவளைப் பட்டணத்தில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷனிடம் ஸ்கூட்டர் இருந்தது. சைக்கிள் மில் கொட்டகையில் நின்றது.

"மில்லு ஊட்டம்மாவே கூப்ட்டு, எத்துகினு போன்னு சொல்லிச்சுடி. சும்மா தூசி புட்ச்சிகினு நிக்குதாம்," என்றது அம்மா.

எனக்கு வேண்டாம் என்றேன். ஏன், சீட்டில் முள்ளா இருக்கிறது என்று அம்மா கேட்டது. இரண்டு மாதம் உமி மூட்டை சுமந்தால்கூட இப்படி ஒரு சாமானை வாங்க முடியாது என்றது. அந்த வீட்டில் தந்ததை வேண்டாம் என்று திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிட்டு, நாளைக்கு எந்த முகத்தோடு களத்தில் இறங்குவது என்றது. எல்லாம் நியாயம்தான். நியாயமாக இருந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"அது அவ வண்டிம்மா. அவ பேரு எழுதிகீது. ஸ்டேஷன் ஸ்டாண்டுல வுட்டா, படிக்கத் தெரிஞ்சவங்க எல்லாம் யாரு வண்டின்னு படிச்சிட்டுதான் என்னைப் பாப்பாங்க."

'படிக்கத் தெரிஞ்சவங்க' என்ற வார்த்தை அம்மாவை நிறுத்திவிட்டது. சைக்கிளைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, உள்ளே போய்விட்டது. பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த நைனா மட்டும், அப்படியானால் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டது. ஆறு மாதம் நடந்தே போவேன் என்றேன்.

"நட்ந்தா நீ போய்ச் சேந்துடுவே. வேலதான் அங்க இருக்காது," என்றது நைனா.

மறுநாள் நடந்தேன். வயல் வரப்பில் குறுக்கே இறங்கி, பாதி தூரம் ஓடினேன். லெவல் கிராசிங் அருகே செருப்பு வார் அறுந்தது. கடைசிப் பெட்டி கண்ணெதிரே போனது. ஆபீசுக்குள் நான் நுழைந்தபோது மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தார். அன்று முழுக்க டைப் அடிக்கும்போதெல்லாம், மதிய வெயிலில் ரவுண்டு சுற்றிய அந்தச் சிவப்பு வலைதான் கண்ணில் சுழன்றது. அவள் வீட்டுக் கொட்டகையில் தூசி படிந்து நின்றது, எனக்கு ஒரு வேலையையே காப்பாற்றும் பொருள். அதைக் கொடுத்தது அவளுக்குத் தெரிந்திருக்குமா என்பதுகூடச் சந்தேகம். அவள் கொஞ்சம் வருத்தப்பட்டுத் தந்திருந்தால், நான் சந்தோஷமாக வாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்தேன். சைக்கிள் ஈரமாக நின்றது. பக்கத்தில் செங்கல் பொடியும் தேங்காய் நாரும். அம்மாவின் விரல்களெல்லாம் சிவப்பு.

"பாத்துக்கோ," என்றது. "ஒரு எழுத்துகூட இல்ல. இப்ப சொல்லட்டும், யாரு வண்டின்னு."

பார்த்தேன். வளைந்த தண்டின் மேல் பொன்னிற ஆங்கில எழுத்தில் பெரிதாக இருந்ததே, சைக்கிள் செய்த கம்பெனியின் பெயர், அது போயிருந்தது. பெயின்ட் போய், அதன் கீழே இருந்த சாம்பல் பூச்சும் போய், வெள்ளை இரும்பு பளபளத்தது. பித்தளைக் குடத்தை எப்படித் தேய்க்குமோ அப்படித் தேய்த்திருந்தது. செயின் கவரில் மஞ்சள் எழுத்தில் அவள் பெயர் மட்டும், அழுக்கு போய், நேற்றைவிடத் தெளிவாக இருந்தது.

என் கண் செயின் கவருக்குப் போனதைப் பார்த்து அம்மாவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். குனிந்து, செயின் கவரைத் தொட்டுக் காட்டியது.

"இது இன்னா எழுதிகீது? இதையும் தேய்க்கலாம்னுதான் பாத்தேன். ஆனா கால் படுற எடத்துல எவளாவது தம் பேர எழுதிப்பாளா? அதான் வுட்டுட்டேன்."

எங்கள் வீட்டில் காகிதம் கால் பட்டாலே அம்மா தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். படிக்கத் தெரியாததால்தான் எழுத்து மேல் அத்தனை பயம். மேலே பொன் எழுத்தில் இருப்பதுதான் வீட்டுக்காரியின் பெயர், காலடியில் இருப்பது வேறு ஏதோ என்று அம்மா கணக்குப் போட்டது தப்பே இல்லை. அந்த வீட்டில் எல்லாமே அம்மாவுக்கு மேலேதான் இருந்தது.

"கம்பெனி பேரும்மா அது," என்றேன்.

"அப்ப இர்க்கட்டும். கம்பெனி பேரு இருந்தாதான் நாளைக்கு வித்தா நாலு காசு வரும்," என்றது அம்மா. கையைக் கழுவப் போனது.

எனக்குச் சிரிப்பு வந்தது. மைதானத்தில் வரிசையில் நிற்காமல் இருந்ததற்கெல்லாம் சேர்த்து அது ஒரு சின்ன ஆதாயமாகத் தோன்றியது: மில் வீட்டு மகள், எங்கள் வீட்டில், சைக்கிள் செய்து விற்கும் ஒரு கம்பெனி.

விடிந்ததும் அதில்தான் கிளம்பினேன். அம்மா தெரு முனை வரை வந்து பார்த்தது. ஏறி உட்கார்ந்து இரண்டு மிதி மிதித்ததும் திடுக்கிட்டுக் கீழே பார்த்தேன், செயின் கழன்றுவிட்டதோ என்று. கழலவில்லை. சத்தமே இல்லை, அவ்வளவுதான். என் பழைய வண்டியில் எதிர்க்காற்றென்றால் நெஞ்சு அடைக்கும். இதில் பாலத்து மேடுகூட மேடாகத் தெரியவில்லை. காலை வைத்தால் அதுவே இழுத்துக்கொண்டு போனது. நெல் வயல்கள் இரண்டு பக்கமும் பின்னால் ஓடின. இப்படி ஒரு வண்டியில் அவள் இத்தனை வருஷம் போயிருக்கிறாள், நானோ பால்காரர் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னாலேயே மூச்சிரைக்க மிதித்திருக்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தபோது நிறமும் வலையும்தான் தெரிந்தன. இது தெரியவில்லை. தெரிந்திருந்தால் அப்போதே இன்னும் அதிகமாகப் பொறாமைப்பட்டிருப்பேன்.

ஸ்டேஷனில் இன்னும் சிக்னல்கூட இறங்கவில்லை. ஸ்டாண்டுக்காரர் வண்டியை வாங்கி, குனிந்து செயின் கவரைப் படித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு வண்டிம்மா?"

"என்னுது," என்றேன். டோக்கனை வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போனேன். நேரம் நிறைய இருந்தது. அவளுக்கு எல்லாக் காலையிலும் இவ்வளவு நேரம் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.