கங்கம்மாவிடம் ஒரே மூச்சில் இரண்டு வேண்டுதல்

தாயை நம்பிக் கும்பிடுகிற அக்கா தங்கச்சிகளே, என் நெற்றித் தழும்பைப் பற்றிக் கோயிலில் எல்லோரும் கேட்கிறீர்கள். என் கூடப் பிறந்த தம்பி போட்டது அது. இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

நகரியில் எங்களுக்கு ஒரே ஒரு பவர்லூம். கணவர் போன பிறகு அதுதான் சோறு போட்டது. மகள் பவித்ரா திருப்பதியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தாள். போன ஆனி மாதம், ஒரு செமஸ்டர் ஜெர்மனியில் படிக்கக் கல்லூரியில் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். உதவித்தொகையும் உண்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

நல்ல சேதியை முதலில் தாய்மாமனுக்குத்தானே சொல்ல வேண்டும்? தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பூ வைத்துக்கொண்டு பாகாலாவுக்கு, தம்பி சேகர் வீட்டுக்குப் போனேன். அங்கேதான் எல்லாம் கெட்டது. அக்கா தட்டோடு வந்தால் பெண் கொடுக்கத்தான் வருகிறாள் என்று நினைத்துவிட்டான். நான் வாய் திறக்கும் முன்பே தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எனக்கு நிச்சயம் ஆய்டுச்சி!" என்று தெருவுக்கே கத்தினான். அக்கம்பக்கம் கூடிவிட்டது. நான் ஜெர்மனி என்றதும் அத்தனை பேரும் சிரித்தார்கள். அவன் முகம் கறுத்துவிட்டது. தட்டைத் தூக்கித் தெருவில் எறிந்தான்.

பவித்ரா பிறந்ததிலிருந்தே அவள் சேகருக்குத்தான் என்று சொந்தத்தில் பேச்சு. நான் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை.

ஆடி மாதம், விசா வந்த வாரம், பட்டப்பகலில் கதவை உதைத்துக்கொண்டு வந்தான். கையில் கொடுவாள். தறி ஓடிக்கொண்டிருந்தது.

"ஊரே சிரிச்சிக்கினு கீது! நான் இன்னா அவ்ளோ கேவலமா பூட்டேனா?"

"டேய் சேகரு, உக்காருடா, பேசிக்கலாம்."

வாள் பிடியால் என் நெற்றியில் அடித்தான். விழுந்தேன். கண்ணில் ரத்தம் இறங்கியது. பவித்ராவைத் தலைமுடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்து, அவள் வலது கையைத் தறியின் இரும்புச் சட்டத்தில் வைத்து அழுத்தினான்.

"மாமா, வேணாம் மாமா!"

"இந்தக் கை இருந்தாத்தானே ஃபாரின் போவே? எப்படிப் போறேன்னு பாக்கறேன்!"

என்னால் எழ முடியவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "கங்கம்மா! அவன் கைய ஒடிச்சிப் போடுடி தாயே!"

ஓங்கி வெட்டினான். பவித்ரா உதறிக்கொண்டு விலகினாள். வாள் இரும்பில் பட்டுத் தெறித்தது. பித்தான் போடாமல் தொங்கிய அவன் சட்டைக் கையை மோட்டார் பெல்ட் கவ்வி இழுத்தது. எலும்பு முறிந்த சத்தம் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அவன் முகம் சக்கரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா! அக்கோவ்!"

ஐயோ, அந்தக் குரல்! என் இடுப்பில் வளர்ந்தவன் அவன். "போதும் தாயே, வுட்டுடு! எனக்கு அவன் ஒருத்தன்தான்!" என்று தரையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

தறி நின்றது.

சுவிட்சை அணைத்தது பவித்ரா. அவளுடைய எந்தக் கையை அவன் வெட்ட வந்தானோ, அந்தக் கையால். அதே கையால் சக்கரத்தைப் பின்னால் சுற்றி அவனை விடுவித்தாள். தன் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டுப் போட்டாள்.

சித்தூர் ஆஸ்பத்திரியில் அவன் கையைக் காப்பாற்றிவிட்டார்கள். விரல்தான் சரியாக மடங்காது. போலீஸ் கேஸ் நடக்கிறது. சொந்தக்காரர்கள் வாபஸ் வாங்கச் சொல்கிறார்கள். மாட்டேன். தம்பியானாலும் தப்பு தப்புதான். ஆனால் அவனுக்குச் சோறு எடுத்துப் போகிறவளும் நான்தான்.

பவித்ரா இப்போது ஜெர்மனியில் படிக்கிறாள். எல்லாம் தாய் போட்ட பிச்சை. இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வந்தால் வாயைப் பொத்திக்கொள்கிறேன்.

நம்பிக் கேளுங்கள் அம்மா, கைவிட மாட்டாள். ஒன்று மட்டும் சொல்வேன். ஆத்திரத்தில் கேட்காதீர்கள். நம் தாய் பக்கத்திலேயே நிற்கிறாள், கேட்டதைச் செய்துவிடுவாள்.