பூங்கா இடத்தில் தண்ணீர் வரும் என்றவர்

சர்வேயர் அண்ணன் போய்விட்ட செய்தி எனக்குச் சின்னமனூர் பேருந்து நிலையத்தில் கிடைத்தது. கைபேசியில் என் மனைவி. "காலையில பூங்கா இடத்துல நின்னுக்கிட்டிருந்தாகளாம். அங்கனயே உக்காந்து சாஞ்சுட்டாக. தூக்கும்போது வேட்டி நனைஞ்சிருந்துச்சாம்ங்க. மழை பேஞ்சு மூணு மாசமாச்சே" என்றாள். மூவுலகிலும் வாய்க்குப் பூட்டில்லாதவன் என்று பெயரெடுத்த நான், கைபேசியை அணைத்துவிட்டு முதலில் வந்த தேனிப் பேருந்தில் ஏறினேன்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும், பழனிசெட்டிபட்டியை ஒட்டிய நம் காலனிக்காரர்களில் அவரை அறியாதவர் யார்? ஓய்வுபெற்ற நில அளவையர். உச்சி வெயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பூங்காவுக்கென்று விட்ட காலி இடத்தில் அடியடியாக நடப்பார். கோழி அவித்த முட்டையாகவே இடும் சித்திரை வெயில் அது. "என்னண்ணே, புதையலா?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"இங்கன வந்து நில்லுய்யா, செருப்பில்லாம."

நின்றேன். அந்த ஓரிடம் மட்டும் ஈரத்துணி போலக் குளிர்ந்திருந்தது. ஓர் எட்டு தள்ளி வைத்தால் கொதித்தது.

"பழைய வாய்க்கா. மேலதான் மூடியிருக்காக. கீழ மூடலை" என்றார்.

சிரித்தேன். சிரித்துக்கொண்டே செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி வந்ததை இன்றுதான் வெளியே சொல்கிறேன்.

பிறகு, நமக்கு மனை விற்ற முதலாளி அந்த இடத்தில் நான்கு மாடி, முப்பத்திரண்டு வீடு கட்ட அனுமதி கேட்டார். ஆய்வுக்கு வந்தவர்கள் பங்குனியில் வந்து பார்த்து, 'நீர்வழி ஏதும் இல்லை' என்று எழுதிப் போனார்கள். காலனிக் கூட்டத்தில் அதை ஆதரித்து முக்கால் மணி நேரம் முழங்கியவன் அடியேன். லிஃப்ட் வரும், மனை விலை வானத்தை முட்டும், பாரிஸ் நகரம் நம்மைப் பார்த்துப் பொறாமையில் இளைக்கும் என்றேன். நீங்கள் எல்லாரும் கைதட்டினீர்கள். அவர் ஒருவர்தான் எழுந்தார்.

"பங்குனியில வந்து தண்ணி எங்கன்னு கேட்டா? அது தாய் வீட்டுக்குப் போயிருக்கு. திரும்பி வராமயா இருக்கும்?"

"வரட்டும்ணே, நாலாவது மாடியில குடிவைப்போம்!"

சபை உருண்டு சிரித்தது. அவர் என்னை மட்டும் பார்த்து, "வழிய அடைச்சா பக்கத்து வீட்டுக்குத்தான்யா வரும்" என்றார். பக்கத்து வீடு என்னுடையது.

அனுமதி வருமுன்பே மண்ணடித்து மேடாக்கினார்கள். அந்த ஐப்பசியில் ஒரு மதியம். ஊருக்குள் சுள்ளென்று வெயில். மேற்கு மலையில் மட்டும் கறுப்பு. சாப்பிட்டுவிட்டுத் தரையில் படுத்திருந்தேன். முதுகு குளிர்ந்தது. எழுந்து பார்த்தால் பாய் மிதக்கிறது. தரைக்கல் இடுக்குகளிலிருந்து கண்ணாடி போன்ற தண்ணீர், சிறு சத்தமும் இல்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கடியில் விரல் நீள அயிரை மீன்கள், பிறந்த வீட்டில் உலவுவதுபோல நிதானமாகச் சுற்றின. தெருநாய்கள் அத்தனையும் அந்த மண்மேட்டைப் பார்த்து நின்றன. ஒன்றுகூடக் குரைக்கவில்லை.

சர்வேயர் அண்ணன் முழங்கால் தண்ணீரில் வாசலுக்கு வந்தார். குத்திக்காட்டுவார் என்று தலைகுனிந்தேன். "சத்தம் போடாம இருய்யா. அது அதோட இடத்தத் தேடுது" என்று மட்டும், தூங்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல் சொன்னார். மாலையில் தண்ணீர் வந்த வழியே போயிற்று. சுவரில் கறைகூட இல்லை. மீன் ஒன்றும் மிஞ்சவில்லை.

என் ஈரக் கட்டிலில் உட்கார்ந்துதான் அந்தக் கட்டடத்துக்கு எதிரான ஆட்சேப மனுவை எழுதினார். அனுமதி நின்றது; மண்ணை அள்ளினார்கள். அதன்பின் ஒவ்வோர் ஐப்பசியிலும் தண்ணீர் அந்தக் காலி இடத்தில் நாலு நாள் நின்றுவிட்டுப் போகிறது. யார் வீட்டுக்குள்ளும் வந்ததில்லை.

இப்போது புது விண்ணப்பம் வந்திருக்கிறது. ஐந்து மாடியாம். செவ்வாய்க்கிழமை விசாரணை. அவர் பிள்ளைகள் அவருடைய அளவுச் சங்கிலியை எனக்குத் தர வந்தார்கள், வேண்டாமென்றேன். நான் எடுத்துக்கொண்டது ஆட்சேபணைக்காரர் என்ற அவருடைய இடத்தை. பேர் கூப்பிடும்போது எழுந்து நிற்பேன். முக்கால் மணி நேரம் பேசமாட்டேன். அங்கே தண்ணீர் வரும் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.